ஊத்துக்கண்ணி கண்ணைத் தொறந்தா

இந்தா தாயி, அந்தப் பையை இப்படிக் கொடு, நான் மடியில வச்சுக்கிறேன். பச்சப்புள்ளையை ஒரு கையில தூக்கிக்கிட்டு, இன்னொரு கையில கம்பியப் பிடிச்சுக்கிட்டு வாரியே, இந்தக் கண்டக்டருக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? எலே தம்பி, கொஞ்சம் எந்திரி. புள்ளைக்காரி நிக்கிறா, நீ பாட்டுக்கு அம்மிக்கல்லு மாதிரி உக்காந்திருக்க. ஆங், அப்படி நில்லு. வா தாயி, உக்காரு.

என்ன, புள்ளைக்கு மேலெல்லாம் இப்படிச் செரங்கா இருக்கு? ஆசுபத்திரிக்குப் போயிட்டுத்தான் வாரியா? களிம்பு கொடுத்திருப்பானே. கொடுப்பான், கொடுப்பான். தடவுனா அடங்கும், விட்டா கெளம்பும். எங்க ஊருக்கு வந்து ஆத்தா தீர்த்தத்துல ரெண்டு செம்பு ஊத்திப் பாரு. இதைவிட மோசமா இருந்த புள்ளையெல்லாம் தேச்ச வெங்கலமாத் திரும்பிப் போயிருக்கு.

ஓடைக்கரைப்பட்டி தெரியுமா? மலையடிவாரத்துல பெரிய மண்ணணை இருக்குல்ல, அதுக்கு நேர் கீழ. அங்க வந்து ஊத்துக்கண்ணி கோயிலுன்னு கேளு, சின்னப் புள்ளை கூட வழி காட்டும். அந்தக் கோயிலு உண்டானதே என்னாலதான். என் பேரு பேச்சி. தீர்த்தக்காரப் பேச்சின்னா இந்த பஸ்ஸுல பாதிப் பேருக்குத் தெரியும். இப்பக்கூட டவுனுக்கு எதுக்குப் போயிட்டு வாரேங்கிற? வார வெள்ளிக்கிழமை தீர்த்தத் திருவிழா. அதுக்கு பிளெக்ஸ் போர்டு அடிக்கக் கொடுத்துட்டு வாரேன். ஆத்தா படம் நடுவுல, ஓரத்துல என் போட்டோ. ஓரத்துல சின்னதாப் போதும்னுதான் சொன்னேன், கடைக்காரப் பையன்தான் பெரிசாப் போட்டுட்டான்.

அந்த அணை எதுக்குக் கட்டுனதுன்னு நினைக்கிற? தண்ணி தேக்க இல்ல தாயி. மலையில மழை பேஞ்சா ஓடையில வெள்ளம் குதிச்சுக்கிட்டு வரும். நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல அப்படி வந்துதான் கீழத்தெருவையே வழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. எங்க மாமியாளும் போனா, எங்க பசுவும் போச்சு. எங்க மாமனாரு பசுவுக்குத்தான் ரொம்ப நாளு அழுதாரு. அதுக்கப்புறம் கவர்மெண்டுல மண்ணைக் கொண்டாந்து கொட்டி, மலைக்கு மலை கரையா எழுப்புனாங்க. வெள்ளம் வந்தா அணை வாங்கி வச்சுக்கிடுமாம், மடை வழியாக் கொஞ்சங்கொஞ்சமா வெளிய விடுமாம். மத்த நாளெல்லாம் காலியாக் கிடக்கணுமாம். எம்புட்டுக் கூறுகெட்ட கணக்கு பாரு! அம்மாம் பெரிய பானையை வனைஞ்சு வச்சுட்டு அதுல தண்ணி ஊத்தாதங்கிறான்.

சரி, தீர்த்தக் கதைக்கு வாரேன். ஒரு கார்த்திகை மாசம் ஆட்டுக்குப் புல்லறுக்க கரைக்கு வெளிப்பக்கமாப் போறேன். அணையில நல்ல தண்ணி. கரைக்கு அடியில, ஈச்சம் பொதருக்குப் பக்கத்துல, பூமியில இருந்து கண்ணு தொறந்த மாதிரி தண்ணி கொப்பளிக்குது. பன்னீரு மாதிரி தெளிவு. அள்ளிக் குடிச்சேன். குடிச்சதுதான் தெரியும், ஒடம்பெல்லாம் ஆடுது, அரிவாளு எங்கிட்டோ போச்சு, புல்லுக்கட்டு எங்கிட்டோ போச்சு. நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. "ஊத்துக்கண்ணி வந்திருக்கேன், இந்தக் கரையைக் காக்க வந்திருக்கேன்"னு சொன்னேனாம். மாடு மேச்சவுக கேட்டிருக்காக. அதுவரைக்கும் என்னை ஒரு நாயி மதிச்சதில்ல தாயி. நல்லது பொல்லாததுக்குக் கூப்பிட மாட்டாக, கூப்பிட்டாலும் பாத்திரம் கழுவத்தான். அன்னையில இருந்து ஊரு பிரசிடெண்டு வேலாண்டியே என்னைக் கண்டா துண்டை எடுத்து இடுப்புல கட்டுறாரு.

இதுல ஒரு அதிசயம் கேளு. அணையில தண்ணி நெறைய இருந்தா தீர்த்தமும் நெறைய வரும். அணை வத்துனா தீர்த்தமும் நின்னு போகும். அணைக்கும் ஆத்தாளுக்கும் அப்படி ஒரு பாசம்! இதை முதல்ல கண்டுபிடிச்சதும் நான்தான்.

கூட்டம் வர ஆரம்பிச்சுச்சு. நிக்க எடமில்ல, பொங்கல் வைக்க எடமில்ல. அப்புறம் வேலாண்டிதான் ஜேசிபி கொண்டாந்தாரு. கரைச் சரிவுல அடிப்பக்கமாக் கொஞ்சம் சீவி எடுத்து, தளமாக்கி, தகரம் போட்டு, இருவது பொங்கல் ஒரே நேரத்துல வைக்கிற மாதிரி பண்ணிட்டோம். என் மக முனீஸ்வரிக்கு அதுலயே ஓரமா ஒரு வீடு, முன்னால தேங்காய்ச் சூடன் கடை. அவளுக்கு ரெண்டு பொடுசுக. புருசன் திருப்பூருல இருக்கான், வாரதும் இல்ல, போறதும் இல்ல. ஆத்தாதான் எம்மகளுக்கு ஒரு வழி காட்டுனா. அந்தப் புள்ளைக ரெண்டும்தான் தாயி எனக்கு உசுரு. பெரியவ என்னை மாதிரியே சாமியாடிக் காட்டுவா, சின்னவன் உருமி அடிப்பான் வாயாலயே.

அப்பத்தான் அந்த எஞ்சினியர் புள்ளை வந்துச்சு. தமயந்தின்னு பேரு. சின்ன வயசு, பேண்டு போட்டுக்கிட்டு ஸ்கூட்டியில வந்து எறங்குச்சு. அணையைப் பாக்க வந்தவ, அணையைப் பாக்கல, தீர்த்தத்தைப் பாத்தா. அடுத்தாப்ல நாங்க சீவுன கரையைப் பாத்தா. மூஞ்சி சுண்டிப் போச்சு. அட, கும்பிட வந்தவுக சிலருக்கு அப்படி ஆகும், ஆத்தா பார்வை பட்டா. அப்படித்தான்னு நினைச்சேன்.

"பேச்சிம்மா, இது ஊத்து இல்ல. அணைத் தண்ணிதான் கரைக்குள்ள புகுந்து இந்தப் பக்கம் கசியுது"ங்கிறா.

"அணைத் தண்ணியாத்தான் இருக்கட்டும். ஆத்தா வேணாம்னா அது வருமா?"ன்னேன்.

நல்ல புள்ளைதான், அதையும் சொல்லணும். கோவப்படாது, செருப்பைக் கழட்டாம உள்ள வராது. எந்நேரமும் "பேச்சிம்மா, பேச்சிம்மா"தான். பையில இருந்து ஒரு கண்ணாடி கிளாசு எடுத்துக் கொடுத்தா. "தினம் காலையில இதுல மோந்து வெளிச்சத்துல பாருங்க. தெளிவா இருந்தா பயமில்ல. கலங்கி வந்துச்சுன்னா, கரைக்குள்ள இருக்கிற மண்ணை அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். எலி வளை மாதிரி உள்ளுக்குள்ள ஓட்டை விழுந்து, பெரிசாகி, கரை அப்படியே உக்காந்துரும். கலங்கல் வந்த நிமிசமே எனக்குப் போன் போடணும், ஊரை மேட்டுக்கு ஏத்திரணும்"னா. இந்த வேலையை வேலாண்டிகிட்டக் கொடுக்கல, வாத்தியாருகிட்டக் கொடுக்கல, எங்கிட்டத்தான் ஒப்படைச்சா. எனக்கு மனசு குளுந்து போச்சு.

ஒரு நாளு தவறுனதில்ல தாயி. குளிச்சு முழுகி, ஈரச்சேலையோட போயி மோந்து பாப்பேன். பன்னீருதான். நானே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லுவேன், "ஆத்தா நல்லா இருக்கா"ன்னு. அவளும் "சந்தோசம் பேச்சிம்மா"ம்பா.

போன கார்த்திகையில அடைமழை. அணை தளும்பத் தளும்ப நிக்குது. விடிஞ்சு போயி கிளாசுல மோக்குறேன். அடி ஆத்தே! மஞ்சள்! அம்மியில அரைச்சு வழிச்ச மாதிரி மஞ்சள்! எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. அம்புட்டு நாளும் வெறுந் தண்ணி கொடுத்தவ, இன்னைக்கு மஞ்சத் தண்ணி கொடுக்கிறான்னா என்ன அர்த்தம்? கன்னியா வந்தவ சுமங்கலியாயிட்டான்னு அர்த்தம். குலவை போட்டேன் பாரு, கீழத்தெரு மேலத்தெரு எல்லாம் ஓடியாந்துருச்சு. பொம்பளைக தாலிக்கயித்தை நனைக்கிறாக, புள்ளைகளைக் குளிப்பாட்டுறாக. சொல்லி முடியாது அந்தக் காட்சி.

சொன்ன சொல்லு மறக்கல நானு. அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேன். "எம்மா தமயந்தி, நீ சொன்ன மாதிரியே ஆயிருச்சு. மஞ்சளாக் கொட்டுது. வந்து ஒரு செம்பு வாங்கிக்கிட்டுப் போ, ஒனக்கும் காலாகாலத்துல கல்யாணம் கூடி வரும்"னேன்.

அந்தப் பக்கம் அலறுனா பாரு. வாழ்த்துச் சொன்னவகிட்ட இப்படியா அலறுவாக? "யாரும் அங்க நிக்காதீங்க, எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க"ன்னு அதே பாட்டு. நாங்க எங்க போறது, பொங்கல் பொங்கி வருது.

கொஞ்ச நேரத்துல போலீசு வந்துச்சு, டிப்பரு டிப்பரா மணலு வந்துச்சு, ஜல்லி வந்துச்சு, கல்லு வந்துச்சு. கும்பிட்டுக்கிட்டு இருந்தவுகளைக் கோழியப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு வண்டியில ஏத்துனாக. எம்மக சின்னவனைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா, பெரியவளைக் காணோம். அந்தத் தமயந்தி தகரத்துக்கு அடியில இருந்து அவளைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. அது சரி, அதைச் சொல்லணும்ல. அப்புறம் அவளே முழங்காலு சேத்துல எறங்கி நின்னு, ஆத்தா கண்ணு மேல மணலைப் போடு, அது மேல ஜல்லியைப் போடு, அது மேல கல்லைப் போடுன்னு போட வைக்கிறா. "தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது"ங்கிறா. ஆத்தா கண்ணுல கல்லைப் போட்டுட்டு அதுக்கு ஒரு விளக்கம் வேற! அது பத்தாதுன்னு மடையை முழுசாத் தொறந்து விட்டுட்டா. ஓடையோரத்துப் பயிரு பூராம் முங்கிப் போச்சு. வேலாண்டி வாழைத்தோட்டம் இடுப்பளவு தண்ணியில.

அன்னைக்கே ஆத்தா கூலி கொடுத்துட்டா. கல்லு மேல நின்னவ வழுக்கி விழுந்து கையி முறிஞ்சு போச்சு. ஊரே சொல்லுச்சு, "பாத்தியா, எந்தக் கையால மூடச் சொன்னாளோ அந்தக் கையி"ன்னு. மறுநாளு மாவுக்கட்டோட பள்ளிக்கூடத்துக்கு வந்து பச்சப்புள்ளைகளுக்குப் பாலு கொடுத்தா. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், அழுதுட்டேன். ஆனா சாமி குத்தத்துக்கு நாம என்ன செய்ய?

ரெண்டு மூணு நாளு கழிச்சு தண்ணி எறங்கிப் போச்சு, நாங்க வீடு திரும்புனோம். வந்து பாக்குறோம், கரை அப்படியே கிண்ணுன்னு நிக்குது! நீயே சொல்லு தாயி. உடையப் போகுது உடையப் போகுதுன்னு ஊரைக் காலி பண்ணுனாளே, உடைஞ்சுச்சா? ஒரு கூடை மண்ணு சரிஞ்சுச்சா? அப்ப யாரு சொன்னது பொய்யி? நான் கரையைக் காக்க வந்திருக்கேன்னு ஆத்தா என் வாயால சொன்னது பொய்யா, படிச்சவ சொன்னது பொய்யா? நிக்கிற அணையை வச்சுப் புரளி கெளப்பி வெள்ளாமையைக் கெடுத்தான்னு வேலாண்டி மனு எழுதுனாரு. ஊரே கையெழுத்துப் போட்டுச்சு. நான் ரேகை வச்சேன். அந்தப் புள்ளை மாத்தலாகிப் போச்சு.

போறப்ப எங்க வீட்டுக்கு வந்தா தாயி. நான்தான் முதல் ரேகைன்னு தெரியும், தெரிஞ்சும் வந்தா. கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தேன், சாப்பிட்டா. இடது கையில சாப்பிட வரல, நான்தான் பெசஞ்சு கொடுத்தேன். "பேச்சிம்மா, அந்தக் கல்லை மட்டும் எடுக்க விட்டுறாதீங்க. மழைக் காலத்துல மடையை அடைக்க விட்டுறாதீங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க"ன்னா. நான் அருளாடி, மனுசருக்குச் சத்தியம் பண்றதில்லன்னுட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிட்டா. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

இப்ப வந்திருக்கிற ஆபீசரு தங்கமான மனுசன். சீட்டை விட்டு எந்திரிக்கிறதே இல்ல. அணைப்பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல, எவனுக்கும் ஒரு தொந்தரவு இல்ல. முன்ன மடை பாக்குறதுக்கு ஒரு லஸ்கரு இருந்தாரு, அவரும் ரிட்டயர்டாயிட்டாரு. அதனால ஷட்டரு திருகுற இரும்புச் சாவியை இப்ப ஆத்தா காலடியிலயே வச்சுட்டோம். மஞ்சத் துணி சுத்தி, குங்குமம் வச்சு. ஆத்தா உத்தரவு கொடுத்தாத்தான் மடை தொறக்கும். நானும் கேட்டுப் பாத்தேன், அவ உத்தரவே கொடுக்க மாட்டேங்குறா. கொடுத்தா தீர்த்தம் வத்திரும்ல?

ஆடி மாசம் ஊருப் பொம்பளைக எல்லாம் சேந்து கல்லை எடுத்தோம். கூடை கூடையா, கும்மி கொட்டிக்கிட்டே எடுத்தோம். ஜல்லி, மணலு, ஒண்ணு விடல. ஆத்தா கண்ணு பளிச்சுன்னு ஆயிருச்சு. முன்ன கட்டை விரலு கனத்துக்கு வந்தது, இந்த மழைக்கு மணிக்கட்டு கனத்துக்கு மஞ்சளாவே வருது. மலையில ஒரு வாரமா ஊத்து ஊத்துன்னு ஊத்துதுல்ல, அணை கரை தொட நிக்குது. பாத்தா மனசு நெறஞ்சு போகும்.

இரு, போன் அடிக்குது. எம்மகதான்.

என்னடி? ... சத்தமாப் பேசு, பஸ்ஸுல வாரேன். ... என்னது? மஞ்சள் போயி செவப்பா வருதா? அடி ஆத்தே, குங்குமம்டி! குங்குமம்! ... எம்புட்டு கனத்துக்கு? ... தொடை கனத்துக்கா! ... சத்தம் கேக்குதா? குபுகுபுங்குதா? அதான்டி ஆத்தா பேசுறா. ... எதுக்குடி பயம்? ... தகரக் கொட்டகை சாயுதா? ஈர மண்ணு, சாயத்தான் செய்யும், ரெண்டு கம்பை முட்டுக் கொடுக்கச் சொல்லு. ... என்ன, புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போகவா? கூறு இருக்கா ஒனக்கு? தீர்த்தக்காரி மகளே ஓடுனா ஊரு என்ன பேசும்? ஒரு பெயலும் என் வாக்கை அப்புறம் நம்ப மாட்டான். நீ போகாத. புள்ளைக ரெண்டையும் ஆத்தா கண்ணுக்கு நேரா, முன்வரிசையில நிறுத்து. முதல் செம்பு அதுக தலையிலதான் ஊத்தணும். நான் இந்தா வந்துட்டேன், நம்ம ஊருக்குப் பிரியிற விலக்கு வரப் போகுது. ... அழுகாதடி கிறுக்கி. வச்சுரு.

கேட்டியா தாயி? குங்குமம்! நெஞ்சு என்னமா அடிச்சுக்கிடுது பாரு, இந்தா கையை வச்சுப் பாரு. சந்தோசம்தான், வேற என்ன. நீ வந்த நேரம், ஒன் புள்ளைக்குக் குங்குமத் தீர்த்தம் கெடைக்கப் போகுது. எறங்கிரு எங்கூட. களிம்பைத் தூக்கி எறி. ஏன் தாயி பையைப் பிடிச்சு இழுக்குற? வரலையா? ஏன் ஒரு மாதிரியாப் பாக்குற?

மறுபடியும் அடிக்குது. இதைப் பாரு, அவதான், தமயந்தி. எங்கயோ ராமநாதபுரம் பக்கம் போட்டிருக்காக, அங்க இருந்துக்கிட்டு இங்க மழை பேஞ்சா எனக்குப் போன் போடுவா. காலையில இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா, நான் எடுக்கல. எடுத்தா கிளாசுல பாத்தீங்களாம்பா, மடை தொறந்திருக்காம்பா, நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசுவா. வெட்டி விடுறேன்.

என்ன, நீ எடுத்துப் பேசுறியா? ஒனக்கு என்ன வந்துச்சு? கையில இருந்து பிடுங்காத தாயி... சரி சரி, பேசு, பேசிக்கோ. சும்மா சொல்லு, பேச்சி சந்தோசமா இருக்கா, குங்குமம் வருதுன்னு சொல்லு.

என்ன சொல்றா? புள்ளையைப் பாத்துப் பிடி. ... யாரை? முனீஸ்வரி புள்ளைகளையா கேக்குறா? பெரியவ மேல அவளுக்கு ஒரு பாசம், தூக்கிட்டு வந்தவள்ல. எங்க நிக்கிதுகன்னா கேக்குறா? முன்வரிசையிலன்னு சொல்லு தாயி. நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லு.